பங்குக் கணக்கு

மண்டபம் ஏலக்கூடத்தில் எனக்கு எழுத்து வேலை.
படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை,
டீசலும் ஐஸும் கழித்த மிச்சத்தில்
ஆளுக்கொரு பங்கு, டிரைவருக்கு ஒன்றரை.
பதினாறு வருடம்.
சண்டை வந்தால் என் நோட்டைத்தான் விரிப்பார்கள்.
அந்த நோட்டுகளின் பின்பக்கத்தில்
ஒரு நாவல் இருந்தது.

ஜெய்னம்பு அதைக் கீழக்கரையில் படித்தாள்,
சங்கு மூட்டைகள் போய்
புத்தகக் கட்டுகள் வந்த கிடங்கில்.
நான்காம் நாள் போன்:
"கடைசியில சம்மாட்டியைச் சாகடிக்காதீங்க.
அவன் செத்தா உங்களுக்கு வேலை சுலபமாயிடும்."
அதுவரை யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை.
சம்மாட்டி பிழைத்தான்.
எனக்கு எட்டு மாதம் போனது.

ஒப்பந்தம் பேசிய மத்தியானம் சொன்னாள்,
"ஆயிரம் அடிச்சு அடுக்கின காலம் போச்சு.
இப்ப நூறு. தீர்ந்தா இன்னும் ஐம்பது.
விலை நூற்றெண்பது, உங்களுக்குப் பத்து சதவீதம்."
எனக்குப் படகுக் கணக்குதான் ஓடியது:
இவள் படகா, வலையா?
படகென்றால் ஓட்டை அவள் செலவு.
வலையென்றால் கிழிசலை
இருவரும் உட்கார்ந்து முடிய வேண்டும்.
கேட்டேவிட்டேன்.
சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.
"நான் டீசலுங்க. எரிஞ்சா திரும்ப வராது."

தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்க
முதல் கணக்கு வந்தது.
விற்றது அறுபத்திரண்டு.
இணையக் கடையின் கழிவு, கூரியர்,
புத்தகக் காட்சியில் அரை ஸ்டால் வாடகை,
மழையில் நனைந்தது ஏழு
எல்லாம் அவள் பக்கத்தில்.
என் பக்கத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
சரியாக இருந்ததில்தான் கொஞ்சம் வருத்தம்.

கடல் திறந்த இரண்டாம் வாரம்
ஐஸ் உடைத்துக்கொண்டே முனியராஜ் சொன்னான்:
"அண்ணே, உங்க புத்தகம் படிச்சேன்.
போன்ல வந்துச்சு. எல்லாப் போட்டுலயும் ஓடுது.
அந்தச் சம்மாட்டி நம்ம ஆளுதானே?"

முழுப் புத்தகம். அட்டை, விலை, பின்னட்டைப் படம்.
யாரோ ஒரு பக்கம் விடாமல் படமெடுத்திருக்கிறான்;
நூற்றுப் பதினோராம் பக்கத்தில்
அவன் கட்டைவிரல்.

ஜெய்னம்புவுக்குச் சொன்னேன்.
நெடுநேரம் போனில் காற்று மட்டும்.
"எத்தனை பேரு?"
"குரூப்ல நானூறு."
"நானூறு," என்றாள்.
அதில் கோபம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று
என்னால் பிரித்து எழுத முடியவில்லை.

புத்தகத்துக்கு விலையுண்டென்று
முனியராஜுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
மறுநாள் விடியலில் பிளாஸ்டிக் பையோடு நின்றான்.
"காசு குடுத்தா திட்டுவீங்க. இதை வச்சுக்கங்க."
விளைமீன். தராசில் போட்டேன், பழக்கம்.
ஒன்றரைக் கிலோ.
ஒப்பந்தப்படி எனக்கு நூற்றைம்பது கிராம்.
வால்கூட முழுதாகத் தேறாது.

ராமநாதபுரத்தில் பஸ் மாறினேன்.
பை சொட்டியது, கண்டக்டர் முறைத்தார்.
கிடங்கில் அவள் மேசைமேல்
ஒலிப்புத்தகத்துக்கான தாள்,
இரண்டு மாதமாகச் சண்டை போட்டு
இருவரும் கையெழுத்திடாதது:
யார் குரல், யாருக்கு எவ்வளவு,
இன்னும் கண்டுபிடிக்காத மெஷினில் வந்தால்
அப்போது எவ்வளவு.

வேறு இடமில்லை. மீனை அதன்மேல் வைத்தேன்.
ஐந்தாம் ஷரத்து முதலில் நனைந்தது.
அவள் தாளை இழுக்கவில்லை.
கதையைக் கேட்டாள், கட்டைவிரல் உட்பட.
பிறகு பக்கம் அளக்கும் ஸ்டீல் அடிக்கோலை எடுத்து
தலையிலிருந்து வால்வரை வைத்துப் பார்த்தாள்.

"எங்க வெட்ட? நீங்கதானே கணக்குப்பிள்ளை."

"முதல்ல செதில் போகட்டும்," என்றேன்.
"செலவைக் கழிச்சுட்டுத்தான் பங்கு."